பனி விட்டதும்

ஷெஃபீல்ட்,
30.12.1962

அன்புள்ள சோலைக்கு,

அக்கா எழுதுவது. நான், தம்பி, முருகம்மாள், பச்சைப்பிள்ளை எல்லோரும் சுகம். நீயும் உன் வீட்டுக்காரரும் எப்படி இருக்கிறீர்கள்? மார்கழியில் உன் முழங்கால் வலி கூடுமே, எண்ணெய் தேய்த்து வருகிறாயா?

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் இங்கே பனி பெய்யத் தொடங்கியது. இன்னும் நின்றபாடில்லை. நேற்றுக் காலை வாசல் கதவு திறக்கவில்லை. தம்பி பின்பக்கமாகச் சுற்றிப் போய் மண்வெட்டியால் வெட்டித் தள்ளிய பிறகுதான் ஆஸ்பத்திரி வேலைக்குப் போக முடிந்தது. கொடியில் போட்ட என் நூல் சேலை தகரம் போல விறைத்து நின்றது. மடித்தால் முறிந்துவிடும் என்று பயந்து, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தேன். முதல் நாள் அழகாகத்தான் இருந்தது. இன்று சன்னல் திரையை விலக்கவே மனமில்லை.

ஜனவரி 19 எனக்குக் கப்பல். பிப்ரவரி பத்துக்குள் கடலாடியில் இருப்பேன். தம்பி மனைவி முருகம்மாளின் பிரசவத்துக்காக நான் ஆறு மாத விடுப்புக் கேட்டபோது தாளாளர் குருநாதன் எப்படி முகத்தைத் தூக்கிக்கொண்டார் என்பது உனக்குத் தெரியும். மார்ச் முதல் தேதி வருகைப் பதிவேட்டில் என் கையெழுத்து இல்லையென்றால் தலைமையாசிரியை இடத்துக்கு வேறு ஆளை நியமிப்பதில் ஆட்சேபம் இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் என்னை விட்டார். இருபது வருஷமாக என் பிள்ளை போல் வளர்த்த பள்ளிக்கூடம். ஒரு நாள் பிந்தினாலும் போய்விடும்.

அதுவரை நீ என் இடத்தில் இருப்பது எனக்கு நிம்மதி. ஏழாம் வகுப்புப் பூகோளத்தை வேறு யாரிடமும் விடாதே. என் நாற்காலியின் இடது பின்கால் ஆடும். சாய்ந்து உட்காராதே.

உன் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
வெள்ளையம்மாள்


கடலாடி,
9.1.1963

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை சோலையம்மாள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம். முழங்கால் வலி இருக்கிறது, பொறுத்துக்கொள்கிற அளவில். பிள்ளைக்குச் சுற்றிப்போடச் சொல்.

உன் கடிதத்தை இவருக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்துவிட்டார். "பனிக்குக் கதவு அடைக்குமாக்கும்? மதினி எதுக்குச் சேலைய வெளிய போட்டாக? தலையில ஒரு துண்டக் கட்டிக்கிட்டுப் போகச் சொல்லு" என்றார். இங்கேயும் இந்த வருஷம் பனி கொஞ்சம் கூடத்தான். தேங்காய் எண்ணெய் உறைந்துவிடுகிறது. வெயிலில் வைத்து எடுக்கிறேன். கண்மாய்க்கரையில் ஏழு மணி வரை எதிரே வருகிற மாடு தெரிவதில்லை.

பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் அம்மா வந்து போனார்கள். பதிவேடுகள் சுத்தமாக இருப்பதாக எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். தாளாளர் அய்யா எல்லோர் முன்னாலும் அதை வாசித்தார். நாற்காலிக்கு இவர் ஒரு வேலமரச் சக்கையைச் செதுக்கிக் காலடியில் அடித்துக் கொடுத்தார். இப்போது ஆடவில்லை. இத்தனை வருஷமா ஆடிக்கிட்டு இருந்ததுக்கு இவ்வளவுதானா வைத்தியம் என்று மற்ற டீச்சர்கள் கேட்கிறார்கள்.

பொங்கலுக்கு நீ இல்லாதது குறைதான். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புத் தங்கை,
சோலையம்மாள்


ஷெஃபீல்ட்,
17.1.1963

அன்புள்ள சோலைக்கு,

நலம். நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். பிள்ளைக்கு இரண்டு நாளாகச் சளி. மற்றபடி குறைவில்லை.

உன் வீட்டுக்காரர் சிரித்ததில் தவறில்லை. ஆனால் நான் எழுதுவது நம் பனி அல்ல, சோலை. நம் பனி வெயில் ஏறினால் போய்விடும். இது போவதே இல்லை. விழுந்தது உறைகிறது. உறைந்ததன் மேல் மறுபடி விழுகிறது. வாசலில் வைத்துவிட்டுப் போகிற புட்டியில் பால் உறைந்து, தன் மூடியைத் தானே தலையில் சுமந்துகொண்டு இரண்டு விரற்கடை எழும்பி நிற்கிறது. என் தேங்காய் எண்ணெய் மூன்று வாரமாகக் கல். வெயிலில் வைக்கலாமென்றால் வெயிலைக் காணோம். பாடப்புத்தகத்தில் உறைபனி என்று போட்டிருக்கும். கடிதம் எழுதும் கைக்கு அந்தச் சொல் வருவதில்லை. நம் கரையில் இதைப் பார்த்தவர் இல்லை, அதனால் வாய்ப்பழக்கத்தில் பனி என்றுதான் வருகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நேற்றுச் சாப்பிடும்போது தம்பி சொன்னான்: "அக்கா, டிக்கெட்ட மாத்திட்டேன். முருகுக்கு இடுப்புவலி இன்னும் போகல. பிள்ளைக்கும் சளி. பனி விடட்டும், நிதானமாப் போகலாம்."

"என்னைய ஒரு வார்த்தை கேட்டியாலே?" என்றேன்.

"கேட்டா நீ வேணாம்ப" என்று சொல்லி ரசம் ஊற்றிக்கொண்டான்.

அடுத்த கப்பல் பிப்ரவரி 6. அதைப் பிடித்தால்கூட 28-ஆம் தேதி கடலாடிக்கு வந்துவிடலாம். நான் சொன்னால் அவன் கேட்க மாட்டான். ஊரிலிருந்து கூப்பிட்டால் தட்ட மாட்டான். அதனால் தாளாளரிடம் சொல்லி, உடனே புறப்பட்டு வரும்படி எனக்கு ஒரு தந்தி அடிக்கச் செய். மாதக் கடைசிக்குள் வந்துவிட வேண்டும். உன்னைத்தான் நம்பியிருக்கிறேன்.

அக்கா,
வெள்ளையம்மாள்


கடலாடி,
27.1.1963

அன்புள்ள அக்காவுக்கு,

சோலை வணக்கம். நாங்கள் சௌக்கியம். பிள்ளையின் சளிக்கு ஓமத்தை வறுத்துத் துணியில் முடிந்து நெஞ்சில் ஒற்றச் சொல். தம்பி டாக்டராக இருந்தாலும் பரவாயில்லை.

நீ எழுதியது நேற்றுத்தான் எனக்கு முழுதாக விளங்கியது. ராமநாதபுரத்திலிருந்து வந்த பத்திரிகையில் உங்கள் ஊர்ப் பக்கத்துப் படம் போட்டிருந்தது. ஒரு பஸ் பாதி உயரத்துக்குப் புதைந்து கிடக்கிறது. தூத்துக்குடி போகிற வழியில் நாம் பார்த்த உப்பளம் ஞாபகம் வந்தது. உப்பைக் கொட்டி ஊரையே மூடினது மாதிரி. படத்தைக் கத்தரித்து ஏழாம் வகுப்புச் சுவரில் ஒட்டி, நம் பனி வேறு, உறைபனி வேறு என்று ஒரு பாடமே நடத்தினேன். பிள்ளைகள் வாயைத் திறந்தபடி கேட்டார்கள். "பெரிய டீச்சர் இதுக்குள்ளயா இருக்காக?" என்று ஒருத்தி அழுதுவிட்டாள். "அவுக பேரே வெள்ளையம்மா, ஏத்த ஊருதான்" என்று இன்னொருத்தி சொல்ல, வகுப்பே சிரித்தது.

தாளாளர் அய்யா நயினார்கோவிலுக்குப் போயிருக்கிறார். வந்ததும் தந்தி விஷயம் பேசுகிறேன்.

கம்பளி போட்டுக்கொள். வெறுங்காலோடு நடக்காதே.

அன்புத் தங்கை,
சோலையம்மாள்


ஷெஃபீல்ட்,
6.2.1963

அன்புள்ள சோலைக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் சுகத்துக்கும் குறைவிருக்காது என்று நம்புகிறேன்.

தந்தி வரவில்லை. இன்று காலை கப்பல் போயிருக்கும்.

இன்றோடு நாற்பத்து மூன்று நாள். குழாயில் தண்ணீர் உறைந்துவிட்டது. தெருமுனையில் லாரி வந்து நிற்கிறது. கிழவிகளோடு வரிசையில் நின்று இரண்டு வாளி பிடித்து வருகிறேன். அவர்கள் தினமும் ஒரே வார்த்தையைச் சொல்கிறார்கள்: நாளைக்கு விட்டுவிடுமாம். நானும் தலையாட்டுகிறேன். இந்த வெள்ளையைப் பார்த்துப் பார்த்துக் கண் எரிகிறது. கறுப்பாக ஒரு காக்கை உட்கார்ந்தால் அதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். வீட்டுக்குள் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பைச் சுற்றி நாலு பேர். முன்பக்கம் சுடும், முதுகு விறைக்கும். ஒருவர் மூச்சுவிடுவது இன்னொருவருக்குப் புகை மாதிரி தெரிகிறது.

இனி ஒரே வழி, ஒரு மாதம் விடுப்பு நீட்டிப்பு. நானே தாளாளருக்கு எழுதியிருப்பேன். பேனாவை எடுத்ததும் அவர் முகம் ஞாபகம் வந்தது. நான் எழுதினால் கெஞ்சுவதாகத் தோன்றும். நீ வாசித்துக் காட்டினால் செய்தியாக இருக்கும். ஆகையால் கீழே உள்ள வரிகளை மட்டும் அவரிடம் வாசித்துக் காட்டு. மற்றதை நீ எடுத்துச் சொல். உனக்கு எல்லாம் தெரியும்.

'பனி இன்னும் விடவில்லை. பனியால் புறப்பட முடியவில்லை. பனி விட்டதும் முதல் கப்பலில் வந்துவிடுவேன். அதுவரை ஒரு மாதம் பொறுக்கக் கேட்டுக்கொள்கிறேன்.'

அக்கா,
வெள்ளையம்மாள்


ஷெஃபீல்ட்,
23.2.1963

சோலைக்கு,

நலமா? உன்னிடமிருந்து கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உனக்கு உடம்பு சரியில்லையோ என்று கவலையாக இருக்கிறது. அதைவிட மோசமாக வேறொன்றும் தோன்றுகிறது. அதை எழுதவில்லை.

முருகம்மாளுக்கு இடுப்புவலி இல்லை. செவ்வாய்க்கிழமை மாடிப்படியில் துணி எடுத்து வரும்போது கேட்டேன். அவள் தட்டெழுத்து வேலைக்குத் திரும்பப் போக வேண்டுமாம். "அக்கா போயிட்டா பிள்ளைய யார்ட்ட விடுறது?" என்றாள். நான் படியில் நிற்பது தெரியாமல், கீழே இருந்து தம்பி அவளிடம் சொன்னான்: "அக்காவுக்கு அங்கன என்ன இருக்கு? பிள்ளையா குட்டியா? இருக்கட்டும்."

நான் படியில் கொஞ்ச நேரம் நின்றேன். துணி கையில் விறைப்பாக இருந்தது. எனக்கு அங்கே இருநூற்றுப் பத்துப் பிள்ளைகள் என்று சொல்லியிருக்கலாம். இறங்கி வந்து துணியை மடித்து வைத்தேன்.

அறுபது நாளாக இதே வெண்மை. இன்னும் ஆறு நாளில் மார்ச். தாளாளர் என்ன சொன்னார்? நல்லதோ கெட்டதோ, ஒரு வரி எழுது.

வெள்ளையம்மாள்


கடலாடி,
2.3.1963

அன்புள்ள அக்காவுக்கு,

சோலை எழுதுவது. இங்கே சுகம். உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. பதில் எழுதப் பிந்திவிட்டது. பரீட்சைத் தாள், பள்ளி ஆண்டுவிழா என்று மூச்சுவிட நேரமில்லை.

நீ சொன்னபடியே தாளாளர் அய்யாவைப் போய்ப் பார்த்தேன். நீ குறித்த வரிகளை ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் வாசித்துக் காட்டினேன். மேசையைத் தட்டிச் சிரித்தார். "பனிக்குப் பயந்து வேலைக்கு வராத ஹெட்மிஸ்ட்ரஸ இப்பத்தான் பாக்குறேன். நம்ம பிள்ளைக இந்தப் பனியிலதான் மூணு மைல் நடந்து வருதுக. வர இஷ்டமில்லன்னா இஷ்டமில்லன்னு எழுத வேண்டியதுதானே? இதென்ன சாக்கு?" என்றார். பக்கத்திலிருந்தவர்களும் சிரித்தார்கள்.

மாசி பாதி போய்விட்டது. இங்கே பனி விட்டுப் பத்து நாளாகிறது. அதையும் சொன்னார்.

நேற்று முதல் தேதி. பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி, தலைமையாசிரியை என்ற இடத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள் அக்கா.

சோலையம்மாள்


கடலாடி,
4.3.1963

திருமதி வெள்ளையம்மாள் அவர்களுக்கு,

தாங்கள் நலமுடன் இருக்க இறைவனை வேண்டுகிறேன். பனியின் காரணமாகப் பணிக்குத் திரும்ப இயலவில்லை என்று தாங்கள் தெரிவித்ததைப் பள்ளி நிர்வாகம் போதிய காரணமாகக் கருதவில்லை. தாங்கள் எழுதிக் கொடுத்தபடி 1.3.1963 முதல் தலைமையாசிரியை பொறுப்புத் தங்கள் சகோதரியிடம் நிரந்தரமாக ஒப்படைக்கப்பட்டுள்ளது. பள்ளியின் அலமாரிச் சாவி ஒன்று தங்களிடம் இருப்பதாகத் தெரிகிறது. அதை அனுப்பிவைக்கவும்.

இப்படிக்கு,
குருநாதன்,
தாளாளர்


ஷெஃபீல்ட்,
15.3.1963

சோலைக்கு,

உன் முழங்காலுக்கு இப்போது பரவாயில்லையா? பனி விட்டுவிட்டது என்று எழுதினாய், வலியும் விட்டிருக்கும்.

இங்கேயும் விட்டது. போன வாரம் ஒரு நாள் காலையில் கூரையிலிருந்து சொட்டும் சத்தம் கேட்டு எழுந்தேன். மூன்று நாளில் தெருவெல்லாம் அழுக்குத் தண்ணீர். வெண்மைக்குக் கீழே இத்தனை நாளாக என்னென்ன கிடந்தன என்று இப்போது தெரிகிறது: செத்த பறவை, ஒரு குழந்தையின் காலுறை, போன வருஷத்துக் குப்பை. தேங்காய் எண்ணெய் ஓரத்தில் இளக ஆரம்பித்திருக்கிறது.

நீ ஜனவரி 27-ஆம் தேதி எழுதிய கடிதம் என் முன்னால் இருக்கிறது. ஒரு பஸ் பாதி புதைந்த படம். உப்பைக் கொட்டி ஊரையே மூடினது மாதிரி. நம் பனி வேறு, உறைபனி வேறு. இதெல்லாம் உன் வார்த்தைகள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு விளங்கும்படி சொல்லத் தெரிந்த உனக்கு, தாளாளர் மேசையைத் தட்டிச் சிரித்தபோது அதையே ஒரு தடவை சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அந்தப் படம் அடுத்த அறைச் சுவரில்தான் ஒட்டியிருக்கிறது.

என் குற்றமும் உண்டு. நானே எழுதியிருக்க வேண்டும். அவருக்கு முன்னால் தலையைத் தாழ்த்த வராமல், உன் வாயை இரவல் கேட்டேன். அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் நீ அங்கே நின்றுகொண்டு என்ன நினைத்தாய் என்பதை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெள்ளையம்மாள்


கடலாடி,
26.3.1963

அக்காவுக்கு,

சௌக்கியம். நீயும் சௌக்கியமாக இருக்க வேண்டும். அதை மனதோடுதான் எழுதுகிறேன்.

கேட்டாய், சொல்கிறேன். அவர் சிரித்தபோது சொல்ல வேண்டும் என்றுதான் வாயெடுத்தேன். அதற்குள் அவர், "நீ உக்காரு தாயி, ஏன் நிக்கிற" என்றார். இருபது வருஷத்தில் அந்த அறையில் என்னை யாரும் உட்காரச் சொன்னதில்லை. நீயும் சொன்னதில்லை. உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு சொல்ல வரவில்லை.

ஊரில் எனக்குப் பெயர் டீச்சரம்மா தங்கச்சி. உன்னைக் கல்லூரிக்கு அனுப்பினார் நம்மைப் பெற்ற அய்யா. தம்பியை டாக்டருக்குப் படிக்கவைத்தார். என் முறை வந்தபோது உன்னைத்தான் யோசனை கேட்டார். "சோலைக்கு டீச்சர் டிரெயினிங் போதும்யா, அதுக்கு மேல அவளுக்கு ஏறாது" என்று நீ சொன்னாய். நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். நீ மாடிப்படியில் நின்ற மாதிரி. அன்றைக்கு நீ சொன்னதும் பொய்யில்லை, நினைத்ததைத்தான் சொன்னாய். இன்றைக்கு நானும் பொய் சொல்லவில்லை. நீ எழுதியதைத்தான் வாசித்தேன்.

ஐந்தாம் வகுப்பு நூர் நிஷா டீச்சர் கல்யாணமாகிக் கீழக்கரைக்குப் போகிறாள். ஜூனில் அந்த இடம் காலி. தாளாளரிடம் உன் பெயரைச் சொல்லியிருக்கிறேன். விருப்பமிருந்தால் விண்ணப்பம் அனுப்பு. விதிப்படி அது தலைமையாசிரியை பேருக்கு வர வேண்டும். அதற்கு நான் என்ன செய்யட்டும்?

சோலை


ஷெஃபீல்ட்,
9.4.1963

அனுப்புநர்: வெள்ளையம்மாள், பி.ஏ., எல்.டி.
பெறுநர்: தலைமையாசிரியை அவர்கள், கடலாடி

மதிப்புக்குரிய அம்மையீர்,

நான் நலம். தங்கள் நலத்தையும் தங்கள் வீட்டாரின் நலத்தையும் விசாரிக்கிறேன்.

தங்கள் பள்ளியில் காலியாகும் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை பணிக்கு இதன்மூலம் விண்ணப்பிக்கிறேன். என் தகுதிகள் தாங்கள் அறிந்தவையே. மே 4-ஆம் தேதிக் கப்பலுக்கு நானே கப்பல் கம்பெனி அலுவலகத்துக்குப் போய்ச் சீட்டு எடுத்துவிட்டேன். என் தம்பிக்கு நேற்றுத்தான் தெரியும். "அங்கன போய் என்ன செய்யப் போற?" என்று கேட்டான். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப் போறேன் என்றேன். குழந்தையைப் பிரிவது கஷ்டமாக இருக்கிறது. அதை விண்ணப்பத்தில் எழுதக் கூடாது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

அலமாரிச் சாவியை நேரில் ஒப்படைப்பேன். ஜூன் 3-ஆம் தேதி காலையில் பதிவேட்டில் கையெழுத்திடத் தங்கள் அறைக்கு வருவேன். எனக்கு நாற்காலி போட வேண்டாம். நின்றபடியே போட்டுவிடுவேன்.

பனியைப் பற்றிய பாடத்தை ஏழாம் வகுப்புக்குத் தாங்கள் நன்றாக நடத்திவிட்டீர்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இனி நான் சொல்ல ஒன்றுமில்லை. ஐந்தாம் வகுப்புக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

தங்கள் கீழ்ப்படிந்த,
வெள்ளையம்மாள்